படகுத்துறைப் பலகையில் உள்ள என் கணவரின் பெயரை எடுப்பது குறித்து

அனுப்புநர்:
ரூபியா பிந்தி சபான்,
காலமான வழிகாட்டி மஸ்ரின் பின் அம்புதோங்கின் மனைவி,
படகுத்துறைக்கு மேல் முதல் வீடு,
கம்போங் பெராங்கின், கிழக்கு சபா.

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
வனப் பயண வழிகாட்டிகள் உரிமப் பிரிவு,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: ‘விருந்தினரைக் காட்டில் கைவிட்டவர்’ என்று என் கணவரைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கையில் விடுபட்டதைச் சேர்க்கவும், பலகையிலிருந்து அவர் பெயரை எடுக்கவும், விருந்தினருக்குத் தரும் பாதுகாப்பு அட்டையைத் திருத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மீதும் உங்கள் வீட்டார் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

ஜனவரி 23, செவ்வாய்க்கிழமை காலை எங்கள் படகுத்துறையில் இருந்தவர்கள்: என் கணவர் மஸ்ரின், உரிமம் பெற்ற வழிகாட்டி. படகோட்டி ஜங்கில், என் கணவருக்குத் தாய்மாமன். பயண நிறுவனத்தின் ஆள் நஸ்மி, சண்டக்கானிலிருந்து வேனில் வந்தவர். விருந்தினர் மூவர்: டென்மார்க்கிலிருந்து கிர்ஸ்தன் அம்மையார், வயது அறுபத்தாறு, தனியாக வந்தவர், கொரியாவிலிருந்து ஓ என்ற குடும்பப் பெயருடைய கணவனும் மனைவியும். பிறகு, சாப்பாட்டுப் பொட்டலங்களுடன் நான். ஆக ஏழு பேர். உங்கள் அறிக்கையில் ஆறு பேர் என்று இருக்கிறது. விடுபட்டது நான்.

இதை நேரில் வந்து சொல்வதுதான் முறை. கணவர் இறந்து நான் இத்தாக் காலத்தில் இருக்கிறேன். வெளியூர்ப் பயணம் கூடாது. அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஓதப் போன இடத்தில் அரபு எழுத்தையும், அரிசி மூட்டை, எண்ணெய் டின் இவற்றைப் பார்த்து மற்ற எழுத்தையும் நானாகக் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்தருளவும். ஆனால் எங்கள் வீட்டில் தங்க வருபவர்களின் சாப்பாடு, படுக்கை, இரவல் கொடுக்கும் ரப்பர் காலணி வரை கணக்கு வைப்பவள் நான். கூட்டிச் சொல்லவும் குறைத்துச் சொல்லவும் பழக்கமில்லை. மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசிய மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். மனுவில் அப்படி எழுதக்கூடாது என்று என் தங்கை மகள் யுஸ்னிதா சொல்கிறாள். அவள் பாலர் பள்ளி ஆசிரியை, அவளுக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயமே யார் என்ன சொன்னார்கள், யார் என்ன சொல்லவில்லை என்பதில்தான் நிற்கிறது.

1. முதலில், உங்கள் அறிக்கையில் பொய் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிர்ஸ்தன் அம்மையார் வழி தவறியது உண்மை. ‘மஸ்ரின், மஸ்ரின்’ என்று அவர் கூப்பிட்டது உண்மை. அது என் கணவரின் காதில் விழுந்தது உண்மை. அவர் பதில் குரல் கொடுக்கவில்லை, அதுவும் உண்மை. அதற்கு முன் நடந்தது அறிக்கையில் இல்லை. பின் நடந்ததும் இல்லை.

2. எங்கள் ஆற்றோரத்தில், காட்டுக்குள் போனால் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். தன் பெயர் காதில் விழுந்தால் பதில் சொல்லவும் மாட்டோம். பெயரைக் கேட்டுக்கொண்ட காடு, தெரிந்தவர் குரலிலேயே திரும்பக் கூப்பிட்டு ஆளைச் சதுப்புக்குள் இழுத்துவிடும் என்பது பேச்சு. அதனால் கையைக் குவித்து ‘ஊ, ஊ’ என்று இரண்டு முறை விட்டு நிறுத்துவோம். கேட்டவர் அப்படியே திருப்பிக் கொடுப்பார். இது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும்.

பள்ளிவாசல் இமாம் இது மார்க்கத்தில் இல்லாதது என்பார். நானும் அதையே என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். ‘அபாங், அல்லாவுக்குப் பயந்தா போதாதா, மரத்துக்கும் பயப்படணுமா?’ என்று கேட்டால், ‘காட்டுக்குப் போறது நான், ஓதுறது நீ. நீ ஓதும்போது நான் குறுக்க வந்து திருத்துறேனா?’ என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சு எங்களுக்குள் போனதில்லை.

விருந்தினரிடம் அவர் காடு பெயரைப் பிடித்துக்கொள்ளும் என்றெல்லாம் சொல்லமாட்டார். கத்தினால் மிருகங்கள் மிரளும், கூவினால் அவை பழகியவை என்றுதான் சொல்வார். படகு ஏறுமுன் ஒவ்வொருவரையும் துறையில் நிறுத்திக் கூவ வைப்பார். சிலருக்குக் கோழி மாதிரி வரும். சிலருக்கு வெறும் காற்று வரும். சரியாக வரும்வரை படகை அவிழ்க்க விடமாட்டார். விருந்தினர் சிரிப்பார்கள், கரையில் நிற்கும் பிள்ளைகளும் சிரிப்பார்கள். ஆனால் அவர் கூட்டிப்போன யாரும் அதுவரை காட்டில் தங்கிவிட்டது கிடையாது.

3. அன்று அது நடக்கவில்லை. வானம் இருட்டியிருந்தது. என் கணவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டு வந்தார். மிருகத்துக்கு எட்ட நில்லுங்கள், தீனி காட்டாதீர்கள், விளக்கு மின்னும் படம் எடுக்காதீர்கள், கைவைக்கும் இடத்தைப் பார்த்துவிட்டுக் கைவையுங்கள், எனக்கு முன்னால் நடக்காதீர்கள். பிறகு, ‘வழி தவறினால்’ என்று ஆரம்பித்தார். அதற்குள் நஸ்மி குறுக்கே வந்தார். வயதுக்கு மரியாதையாக என் கணவரைப் பாக்சிக் என்றும் என்னை மாக்சிக் என்றும் அவர் கூப்பிடுவார்.

‘பாக்சிக், அதெல்லாம் அட்டையில இருக்கு. வேன்லயே படிச்சுக் காட்டிட்டேன். மழை பிடிக்கிறதுக்குள்ள போய்ட்டு வந்துடுவோம்.’

‘உன் அட்டை கூவுமா?’ என்று ஜங்கில் மாமா கேட்டார்.

‘கூவுறதுக்கு நீங்க இருக்கீங்களே’ என்றார் நஸ்மி.

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். கயிற்றை அவிழ்த்தார்கள்.

அந்த அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. விருந்தினர் மேசையில் விட்டுப்போவது வழக்கம். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்கவும். வழிகாட்டியின் பெயரை உரக்கக் கூப்பிடவும். இனம் தெரியாத மிருகத்தின் குரல் கேட்டால் அசையாமல், சத்தமில்லாமல் இருக்கவும். இப்படி மூன்று வரி. மூன்றும் நல்ல புத்திமதிதான். எழுதியவர் நல்லதை நினைத்துத்தான் எழுதியிருப்பார். எங்கள் ஊரில் யாரையும் கேட்டு எழுதவில்லை, அவ்வளவுதான்.

4. காட்டுக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. நஸ்மி பின்னால் என்னிடம் சொன்னதையும், கொரியத் தம்பதி படகில் வரும்போது சொன்னதை ஜங்கில் மாமா கேட்டதையும் வைத்து எழுதுகிறேன். இரண்டும் ஒத்துப்போகின்றன.

அத்திமரத்தில் ஒரு தாய் ஒராங்குட்டானும் குட்டியும் இருந்தன. என் கணவர் எல்லாரையும் எட்ட நிறுத்தினார்.

‘இன்னும் கொஞ்சம் கிட்ட போலாம் பாக்சிக். கடல் தாண்டி வந்திருக்காங்க. அதோட முகமே தெரியல’ என்றார் நஸ்மி.

‘அதுக்கு நம்ம முகம் தெரியுது. போதும்’ என்றார் என் கணவர்.

அவர் திரும்பி அம்மையாரின் காலில் ஏறிய அட்டைப்பூச்சியை எடுத்துவிட்ட நேரத்தில், நஸ்மி பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாழைப்பழப் பலகாரத்தைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பொட்டலம் நான் கட்டியது. பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது, ஆளுக்கு மூன்று வைத்திருந்தேன். வாசனைக்கு அந்தத் தாய் இறங்கி வந்தது. பாதி மரத்தில் நின்று ஆட்களைப் பார்த்ததும் குட்டியை அணைத்துக்கொண்டு கிளைகளை ஒடித்து வீச ஆரம்பித்தது. என் கணவர் நடுவில் போய் நின்று எல்லாரையும் பின்னால் போகச் சொன்னார். பின்னால் போகச் சொன்னால் ஓடத்தான் செய்வார்கள். பலகைபோல் வேர்விட்ட பெரிய மரம் ஒன்றின் இந்தப் பக்கம் மூவர் வந்தார்கள். கிர்ஸ்தன் அம்மையார் அந்தப் பக்கம் போனார். அதே நேரம் மழையும் கொட்டியது.

5. ஆளைக் கூட்டிப் பார்த்தபோது ஒருவர் குறைந்தார். அப்போதுதான் பெயர் கேட்டது. நஸ்மி சொன்னது:

‘நல்லாவே கேட்டுச்சு மாக்சிக். ரெண்டு தடவ கேட்டுச்சு. இங்க இருக்கோம்னு கத்த வாயத் தொறந்தேன், பாக்சிக் என் வாயப் பொத்திட்டாரு. மூஞ்சி வெளுத்துப்போச்சு. நடன்னாரு.’

மழையில் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எங்கள் காட்டில் யாராலும் சொல்ல முடியாது. வாழ்நாளில் அதுவரை காட்டுக்குள் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. பயந்தார் என்றே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. கையில் இருந்த மூன்று பேரை முதலில் கரை சேர்த்தார்.

6. உங்கள் அறிக்கையின் கடைசி வரி: ‘வழிகாட்டி படகில் ஏறாமல் அவ்விடத்தைவிட்டு அகன்றார்.’ இந்த வரியை நான் பலமுறை படித்தேன். படகில் ஏறவில்லை என்பது சரி. எந்தப் பக்கம் அகன்றார் என்று அதில் இல்லை.

படகருகே பேசியதை ஜங்கில் மாமா அப்படியே சொல்கிறார்.

‘மாமா, இவங்கள வீட்ல எறக்கிட்டு ஆள் கூட்டிட்டு வா. நான் அந்தம்மாவத் தேடிப் போறேன்.’

‘தனியாவா? பேரு வேற கூப்பிட்டிருக்குங்கிற. ஆளுங்க வரட்டும், இருடா.’

‘காடு கூப்பிட்டிருந்தா என்னோட போச்சு. அந்தம்மா கூப்பிட்டிருந்தா?’

இயந்திரம் அப்போது ஓடவில்லை. நஸ்மி முன் பலகையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கவேண்டும்.

7. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர் ஆண்கள் பதினோரு பேர் போனார்கள். ஓடை பெருகிச் சதுப்பு நிறைந்துவிட்டதால் தாண்ட முடியவில்லை. மறுபக்கத்திலிருந்து ‘ஊ, ஊ’ என்று கேட்டதாகச் சொன்னார்கள். இவர்கள் கொடுத்தார்கள், என் கணவரும் திருப்பிக் கொடுத்தார். வெளிச்சம் இருக்கும்வரை அந்தக் குரல் இடம் மாறி இடம் மாறிக் கேட்டதாம். தேடிக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு மாமா வந்து என்னிடம், ‘நல்லாத்தான் இருக்கான். தொண்ட கட்டியிருக்கு, வேற ஒண்ணும் இல்ல’ என்றார். நான் மக்ரிப் தொழுதேன். அவருக்குச் சோறு எடுத்து மூடிவைத்தேன்.

8. மறுநாள் நண்பகல், லுஹர் நேரத்தில் செம்பனைத் தோட்டத்து வேலையாட்கள் வேலியோரம் கிர்ஸ்தன் அம்மையாரைக் கண்டு, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. உடம்பெல்லாம் அட்டைப்பூச்சிக் கடி, ஒரு கால் வீக்கம். குளிப்பாட்டி என் சாரோங்கைக் கட்டிவிட்டு, கருவாட்டோடு கஞ்சி கொடுத்தேன். என் கணவர் அதுவரை திரும்பவில்லை. அடுப்படியில் அப்போது இருந்தவர்கள்: கிர்ஸ்தன் அம்மையார், யுஸ்னிதா, பக்கத்து வீட்டு மர்தியானா, அவள் மாமியார், நான். ஆங்கிலம் தெரிந்தவள் யுஸ்னிதா ஒருத்திதான். அவள் பெயர்த்துச் சொன்னது:

‘மஸ்ரின் மஸ்ரின்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாங்களாம். பதிலே இல்லையாம். அப்புறம் ஒரு பெரிய குரங்கு வந்துச்சாம். இவங்களையே தேடுற மாதிரி சுத்திச் சுத்தி வந்து கத்திட்டே இருந்துச்சாம். அட்டையில இருந்த மாதிரி அசையாம உக்காந்திருந்தாங்களாம். ஒரு தடவ ரொம்பப் பக்கத்துல வந்துடுச்சாம். வேருக்குள்ள சுருண்டு படுத்து, கையால வாயப் பொத்திக்கிட்டு…’

யுஸ்னிதா நிறுத்திவிட்டாள். ‘பெரியம்மா, வேணாம்’ என்றாள்.

மீதியையும் கேள் என்றேன். அந்தக் குரங்கு எப்படிக் கத்தியது என்று கேட்கச் சொன்னேன்.

அம்மையார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் குவித்து, இரண்டு முறை விட்டு நிறுத்தினார். நன்றாகவே வந்தது.

கீழே துறையில் படகுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த ஜங்கில் மாமா அதைக் கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு படியேறி ஓடிவந்தார். ‘வந்துட்டானா? எங்க அவன்?’ என்றார்.

‘இல்ல மாமா. விருந்தாளி’ என்றேன்.

அம்மையார் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். தாம் செய்தது சரிதானே என்று யுஸ்னிதாவைக் கேட்டார். சரி என்று சொல்லச் சொன்னேன். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது, மர்தியானா வேறு வைத்தாள்.

மாலையில் நிறுவனத்து வேன் வந்து அவரை அழைத்துப் போனது. தம்மைச் சுற்றிவந்தது குரங்கு என்றுதான் இன்றுவரை அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும். தமக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் செய்தார். விசாரணைக்காக அவருக்கு எழுதவேண்டாம் என்று இதன்மூலம் கேட்டுக்கொள்கிறேன். அடுப்படியில் இருந்த நாங்கள் இருக்கிறோம். எங்களைக் கேளுங்கள்.

9. அம்மையார் சொன்ன மரம் எது என்று மாமா புரிந்துகொண்டார். வியாழக்கிழமை தண்ணீர் வடிந்ததும் போனார்கள். என் கணவர் தன் சட்டையைக் கிழித்து, போன வழிநெடுகச் செடிகளில் கட்டிக்கொண்டே போயிருக்கிறார். நீலக் கட்டம் போட்ட சட்டை. கடைசித் துணி அந்த மரத்தின் பக்கத்துச் செடியில் இருந்தது. வேருக்கு உள்ளே பாதுகாப்பு அட்டை ஈரத்தில் ஒட்டிக் கிடந்தது. துணிக்கும் வேருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் இடம்தான் என்று மாமா சொன்னார்.

அவரை ஓடையில், கீழே வெகுதூரத்தில் எடுத்தார்கள். நீரில் மூழ்கி மரணம் என்று மருத்துவமனைச் சான்றிதழில் இருக்கிறது, நகல் இணைத்துள்ளேன். அன்றே அடக்கம் செய்தோம். உங்கள் அலுவலகத்திலிருந்து மலர்வளையம் வந்தது. அதற்கு நன்றி.

10. அடுத்த வாரம் உங்கள் விசாரணை அலுவலர் வந்தார். மரியாதையானவர், காலணியைக் கழற்றிவிட்டுத்தான் துறை மண்டபத்தில் உட்கார்ந்தார். ஆண்களை மட்டும் கேட்டார். துக்க வீட்டைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று என் வீட்டுக்கு வரவில்லை. நல்லெண்ணம்தான். ஆனால் அடுப்படியில் நடந்தது அவருக்குத் தெரியாமல் போயிற்று. அதைப் பேசவேண்டாம் என்று மாமா மற்றவர்களிடமும் சொல்லிவைத்திருந்தார். பேசினால் எனக்கு வலிக்கும் என்று நினைத்தார். என் கணவர் தேடிப் போனதை அலுவலர் கேட்கவில்லை, ஊருக்கே தெரிந்ததை மாமாவும் தனியாகச் சொல்லவில்லை.

அலுவலர், ‘அவர் பெயரைக் கூப்பிட்டபோது பதில் கொடுத்தாரா?’ என்று கேட்டாராம். மாமா, ‘காட்டுல பேரச் சொன்னா எவனாவது பதில் கொடுப்பானா சார்? மஸ்ரின் என்ன பச்சப் புள்ளையா?’ என்றாராம். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். மருமகன் காட்டில் நடக்கத் தெரிந்தவன் என்று சொன்னதாக மாமா நினைத்துக்கொண்டார். ‘கேட்டும் வேண்டுமென்றே பதிலளிக்கவில்லை என்பதை ஊரார் ஒருமுகமாக உறுதி செய்தனர்’ என்று அலுவலர் எழுதினார். அதுவும் பொய்யில்லை. எழுத்தில் வந்த பிறகு மாமாவுக்கு யுஸ்னிதா படித்துக் காட்டினாள். அதிலிருந்து அவர் படகு எடுப்பதில்லை.

11. பிப்ரவரி மாதம் பலகை வந்தது. ஆற்றைப் பார்த்து, படகில் வருபவர்கள் படிக்கும்படி நட்டிருக்கிறார்கள். மேலே பயண விதிகள், கீழே ‘விருந்தினரைக் கைவிட்டமைக்காக உரிமம் நீக்கப்பட்டோர்’ என்ற தலைப்பு. அதன் கீழ் ஒரே ஒரு பெயர். மற்ற இடம் காலியாக இருக்கிறது. மரித்தவருக்கு உரிமம் எதற்கு. நீக்கியதைப் பற்றி நான் கேட்கவில்லை. பலகை என் ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. பயண நிறுவனங்களின் ஆட்கள் விருந்தினரை இறக்கும்போது அதைத் தொட்டுக் காட்டிப் படிக்கிறார்கள். ‘இந்த மாதிரி ஆளுங்க இப்ப இங்க இல்ல, பயப்படாம வாங்க’ என்று ஒருவர் சொல்வார். விருந்தினர் சிரிப்பார்கள். வந்தவர்களுக்கு நான் தேநீர் ஊற்றவேண்டும். ஊற்றுகிறேன். அறைக்குப் போய் யாசீன் ஓதப் பார்த்தேன். கீழே பெயர் படிக்கும் சத்தத்தில் வரி தவறுகிறது. இப்போது படகுகள் போன பிறகு ஓதுகிறேன்.

எனக்கு அழுகை வரவில்லை. வந்தால் நல்லது என்கிறார்கள். சோறு வேகிறது, தொழுகை நடக்கிறது, பாய் காய்கிறது. இதை அனுதாபத்துக்காக எழுதவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

12. நஸ்மி ஒருநாள் வந்தார். படியிலேயே உட்கார்ந்தார், மேலே வரவில்லை.

‘மாக்சிக், நான் எழுதிக்கொடுத்ததுல பொய் எதுவும் இல்ல’ என்றார்.

‘இல்லப்பா’ என்றேன்.

‘பலகாரத்தக் காட்டினத மட்டும் எழுதல.’

‘படகுகிட்ட அவர் பேசினது?’

‘கேட்டுச்சு’ என்றார். ‘அத எழுதினா, நீ ஏன் கூடப் போகலன்னு கேப்பாங்க. அதான்.’

தேநீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. அவர் மேல் நடவடிக்கை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு, படகருகே கேட்டதை மட்டும் கேளுங்கள். கேட்டால் சொல்வார். இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை என்பதுதான் என் புகார்.

13. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு வேண்டுகிறேன்.

அறிக்கையின் கடைசி வரியில், ‘அகன்றார்’ என்பதற்கு முன், விருந்தினரைத் தேடி என்ற இரண்டு சொற்களைச் சேர்க்கவேண்டும். முன்னுள்ள எதையும் அழிக்கவேண்டாம்.

பாதுகாப்பு அட்டையை, வழிகாட்டிகளையும் உட்காரவைத்துக் கேட்டுப் புதிதாக எழுதவேண்டும். கூவுவதே சரி என்றால் விருந்தினருக்குக் கூவச் சொல்லிக்கொடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் சரி என்றால், பதில் கொடுத்தே ஆகவேண்டும் என்று எங்கள் ஆண்களுக்கு உத்தரவு போடுங்கள். முணுமுணுப்பார்கள், ஆனால் கேட்பார்கள். எதுவானாலும் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். மழைக்காலம் முடிந்து கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. இதே அட்டையைத்தான் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பலகையிலிருந்து என் கணவரின் பெயரை எடுக்கவேண்டும். நாங்களே கழற்றியிருக்கலாம். மாமா ஒருநாள் சுத்தியலோடு வந்தார். அரசாங்கத்தின் பலகை, மாட்டியவர்கள்தான் கழற்றவேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மே மாதம் முதல் வாரத்தில் நூறாம் நாள் துஆ ஓதி ஊருக்குச் சோறு போடவேண்டும். ஆற்றின் கீழ்ப்பக்கத்து உறவினர் எல்லாரும் படகில் வருவார்கள். அந்தப் பலகைக்குக் கீழேதான் இறங்கவேண்டும். என் கணவரின் தாயும் வருகிறார். ஜனாஸா அடக்கத்துக்கு அவர் வந்தபோது பலகை கிடையாது. அப்படி ஒன்று இருப்பதை அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியும்.

எடுக்க முடியாது என்றால் அதையாவது முன்கூட்டித் தெரிவியுங்கள். என் மாமியாரை மேல்கரையில் இறக்கி, காட்டோரப் பாதையில் தூக்கிவர நான்கு பேருக்கு இப்போதே சொல்லிவைக்கவேண்டும். முடியும், முடியாது, எதுவானாலும் பதிலைச் சீக்கிரம் எழுத்தில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கம்போங் பெராங்கின்
நாள்: 14 மார்ச் 2018 (ஜமாதுல் ஆகிர் 26)

இப்படிக்கு,
ரூபியா பிந்தி சபான்
(கையொப்பம்)

இணைப்பு: மருத்துவமனைச் சான்றிதழ் நகல் ஒன்று, பாதுகாப்பு அட்டை ஒன்று.